டிரைவர் ஜன்னலுக்கு வருபவர்

தொண்ணூறுகளில் நான் திருவண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலுக்கு டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜையன்று பஸ்ஸுக்கு மாலை விழும். எனக்கும் கொஞ்சம் பொரி கிடைக்கும். மற்ற நாட்களில், பிரேக்கை அழுத்தினால்தான் டிரைவர் என்று ஒருவன் இருப்பதே ஜனங்களுக்கு ஞாபகம் வரும். அதுவும் திட்டுவதற்கு.

கலெக்டர் ஆபீஸ் பியூன் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. ஒல்லியான உடம்பு, தொளதொளவென்று வெள்ளைச் சட்டை. பின்படியில் இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வருவார். "நல்லபடியா கொண்டாந்து விட்டீங்க, வரேங்க" என்பார். மழை பெய்தாலும் வருவார்.

ஒருநாள் கேட்டேன். "ஏங்க, தினமும் எதுக்குச் சுத்திக்கினு வர்றீங்க?"

"ஆபீஸ்ல நான் கதவு தொறந்து விடற ஆளுங்க. உள்ள போறவங்க ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கமாட்டாங்க. உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்னு வர்றேன்."

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, லீவு போட்டுவிட்டு, வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுக்க கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள், கதவு திறந்தது. மனுவைப் பிடித்தபடி விறுவிறுவென்று உள்ளே போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் சோற்றில் கை வைத்தபோதுதான், கதவைப் பிடித்திருந்த அந்தத் தொளதொளத்த சட்டைக்கை ஞாபகம் வந்தது.

மறுநாள் அவர் என் பஸ்ஸில் ஏறாமலிருந்தால் தேவலை என்று நினைத்தேன். ஏறினார். இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நல்லபடியா கொண்டாந்து விட்டீங்க" என்றார். பிறகு கேட்டார்: "மனுவ வாங்கிக்கினாங்களா?"