பின்பக்கமாக இறங்கும் கால்

நார்த்தாமலை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறேன். ஊருக்குள் போக ஆட்டோ இல்லை. ஸ்கூட்டியில் வந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் என்னை ஏற்றிக்கொள்கிறார். பெயர் செல்லம்மாள். வழியில் டீக்கடை முன் நிறுத்தியவர், முன்னால் கால் வைத்து இறங்க இடமிருந்தும், வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கி வீசுகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் தோளில் இடிக்கிறது.

"ஆளு இருக்குறத மறந்துட்டேங்க. பழக்கதோசம்."

"ஸ்கூட்டியில என்னக்கா இப்படி ஒரு பழக்கம்?"

"நாங்க கத்துக்கிட்டது பார் வச்ச ஆம்பளை சைக்கிள்ல. கல்லு ஒடைக்கிற பொம்பளைங்க பத்துப் பேரு வாடகைக்கு எடுத்து, இந்தக் கம்மாக்கரையில ஓட்டுனோம். சேலையோட காலத் தூக்குறாளுகன்னு ஊரே சிரிச்சுச்சு. அப்பறம் பேங்க், ஆஸ்பத்திரின்னு யாரையும் எதிர்பாக்காம நாங்களே போனோம்."

"இதை யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?"

"சைக்கிள் ஓட்டுனத யாருங்க எழுதுவா? எம் மகளே, இதெல்லாம் ஒரு சாதனையாம்மான்னு கேக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அரசர்கள் கொடுத்த நிலத்துக்கெல்லாம் இந்த ஊர்ப் பாறைகளில் கல்வெட்டு இருக்கிறது.

டீ வருகிறது. இன்னொரு ஸ்கூட்டி வந்து நிற்கிறது. ஓட்டி வந்த பெண்ணுக்குத் தலை நரைத்திருக்கிறது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்க்கிறேன். அது பின்பக்கமாகச் சுற்றி வந்து தரையைத் தொடுகிறது.