உப்பள ஊரில் பாடிய மழைப்பாட்டு

எங்கள் பாட்டு டீச்சர் போன மாதம் இறந்துபோனார். மூன்றாம் நாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். டீச்சரின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறது. ஃபிளெக்ஸ் வைத்த உப்பள முதலாளி கைகூப்பியபடி பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார். மேலே 'எங்கள் பள்ளியின் இசைக்குயிலே' என்று எழுதியிருக்கிறது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் படமெடுத்துப் போட்டு, ஆளாளுக்குக் கும்பிடு பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குயில் எங்கள் பள்ளியில் இருந்தது ஒன்றரை வருஷம்தான். அதை யார் விரட்டினார்கள், ஏன் விரட்டினார்கள் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் என் பெயரும் வரும். பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. டீச்சர் அரசாங்கம் போட்ட ஆள் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட ஆள். கழகத் தலைவருக்குப் பிடித்தால் இருக்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தலைவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன கைகூப்பிய முதலாளிதான். டீச்சரின் ஊர் மேற்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற கிராமம். ஒயர் கூடையில் சுருதிப் பெட்டியும் சாப்பாட்டு டப்பாவுமாக இரண்டு பஸ் மாறி வருவார்.

கணக்கு சார் வந்து பாட்டு பீரியடைக் கேட்டால் மற்ற பள்ளிகளில் எழுந்து வழிவிடுவார்களாம். இவர் மட்டும், "பாட்டும் பாடந்தாங்க சார். நாளைக்கு உங்க பீரியட நான் கேட்டா குடுப்பீங்களா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கோயில் கட்டத் தயாராக இருந்தோம். கட்டைக்குரல் பையன்களையும் அவர் ஒதுக்கியதில்லை. "நீங்கதான்டா தரை, உங்க மேலதான் பாட்டு நிக்கணும்" என்று பின்வரிசையில் நிறுத்திப் பாடவைத்தார். எங்களுக்குத் தாளம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதும் அவர் கண்டுபிடித்ததுதான். வருஷா வருஷம் உப்பு எடுப்பதற்கு முன்னால் பாத்தித் தரையை வரிசையாக நின்று மிதித்து இறுக்குவார்கள். லீவு நாட்களில் நாங்களும் பெரியவர்களோடு சேர்ந்து மிதிப்போம். அந்த மிதியை வகுப்பறையில் மிதிக்கச் சொல்லி, அதன் மேலேயே பாட்டை ஏற்றினார்.

மாசி மாதம் ஆண்டு விழா வந்தது. டீச்சர் தானே ஒரு பாட்டுக் கட்டினார்.

'ஏரியெல்லாம் வாய்பொளந்து கெடக்குது வானமே, எறங்கி வந்து ஊத்து ஊத்து' என்று தொடங்கும். அவருடைய ஊரில் மழையைக் கும்பிட்டுக் கேட்பார்கள். எங்கள் ஊரிலோ தையிலிருந்து ஆவணி வரைக்கும் அந்தச் சொல்லையே அளத்தில் எடுக்க மாட்டார்கள். வானம் கறுத்தால்கூட "மேல பாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் பெய்தால் போதும், பாத்தியில் விளைந்ததும் வரப்பில் வாரி வைத்ததும் தண்ணீராய்ப் போகும். பாத்தி மறுபடி காய்கிறவரை ஒருவருக்கும் வேலை இருக்காது. இதை டீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒத்திகை பார்த்த ஹெட்மாஸ்டரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. அதிலும் தனிக்குரல் என்னுடையது.

அப்பா அந்த முதலாளியின் அளத்தில்தான் மேஸ்திரி. விழா அன்று சாயங்காலம் பட்டுப்பாவாடையோடு என்னை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அளத்தைத் தாண்டும்போது முதலாளியிடமிருந்து போன் வந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, "மூடிட்டேங்க மொதலாளி. கீத்து போட்டு கயிறும் கட்டியாச்சு" என்றார். ரோட்டோரம், எங்கள் கண்ணுக்கு நேராக, வாரிக் கொண்டுவந்து குவித்த உப்பு அம்பாரம் வெள்ளை வெளேரென்று திறந்து கிடந்தது. தென்னங்கீற்றுக் கட்டுகள் பக்கத்தில் அடுக்கியபடியே இருந்தன. மூட ஆள் வேண்டும். ஆட்களோ தங்கள் பிள்ளைகளைப் பார்க்க முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்கள். "காலைல பாத்துக்கலாம். உன் பாட்டுக்கு லேட்டாவுது" என்று அப்பா வண்டியை எடுத்தார். எனக்கும் அதுதான் கவலை.

நன்றாகப் பாடினேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. முன்வரிசையில் இருந்த முதலாளியே கை தட்டினார். விழா முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், வேறொன்றுமில்லை.

மறுநாள் காலை அம்மாவோடு நானும் அளத்துக்குப் போனேன். அம்பாரம் பாதியாகக் கரைந்து கிடந்தது. கீற்றுகள் அங்கங்கே சிதறியிருந்தன. "மூடிட்டேன்னு சொன்னியே, இதான் நீ மூடுன லட்சணமா?" என்று முதலாளி கத்த, காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டு முனகினார். கட்டுகளை விடியற்காலையில் அவரேதான் அவிழ்த்து இறைத்தார் என்பது பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதற்கு நடுவே நான் என்ன செய்தேன்? வேலை இல்லாமல் நின்ற பெண்களிடம் போய், "நான் பாடுனதாலதான் மழை வந்துச்சு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சட்டென்று தலையை நிமிர்த்தினார். என்னைக் கைபிடித்து முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "கேட்டீங்களா மொதலாளி, புள்ளையே சொல்லுது. நேத்து மழைய கூப்ட்டுதானே பாட வெச்சாங்க. இன்னொரு தடவ சொல்லும்மா." நான் இன்னொரு தடவை சொன்னேன், ராகத்தோடு. "நம்ம புள்ளைய எதுக்கு இதுல இழுக்கிற?" என்றாள் அம்மா. அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. கடலில் எங்கே மேகம் சுழல்கிறது என்று செல்போனில் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். பாட்டுக்கு மழை வரும் என்று ஒருவரும் உண்மையில் நம்பவில்லை. அம்பாரம் ஏன் திறந்து கிடந்தது என்று கேட்பதைவிட, வெளியூர்க்காரி ஒருத்தியைக் கை காட்டுவது சுலபமாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மழையைக் கூப்பிட்ட டீச்சர் இனி வேண்டாம் என்று சொன்ன அத்தனை பேரும் அன்று மத்தியானம் சோறுதான் தின்றார்கள். அந்த நெல் எந்தத் தண்ணீரில் விளைந்ததாம்?

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஹெட்மாஸ்டர் அறை முன்னால் கூட்டம். முதலாளி, அப்பா, அவர் பக்கத்தில் நான், அளத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். டீச்சர் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, இனி அந்தப் பாட்டைப் பாடவைப்பதில்லை என்று சொன்னார். மன்னிப்பும் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதோடு முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. ஹெட்மாஸ்டர்கூட வாட்சைப் பார்த்தார்.

அப்போது அளத்தில் உப்பு வாரும் அம்மாள் ஒருவர் என்னைக் காட்டி, "டீச்சர சொல்றீங்க, வாயத் தொறந்து கூப்ட்டது இந்தக் குட்டிதானே. ராசி கெட்ட வாயி. இனிமே இத அளத்துப் பக்கம் விடாதீங்க" என்றார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அப்பா முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்து நின்றார். "அவ பாடலைங்க" என்றார். "அன்னைக்கு அவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. மைக்குல நீங்க கேட்டது என் குரல். அவ சும்மா வாயத்தான் அசைச்சா."

அத்தனை பேர் கைதட்டிய என் பாட்டை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே எல்லார் முன்னாலும் பிடுங்கிக்கொள்கிறாரே என்று ஆத்திரம். "பொய். நான்தான் பாடுனேன். டீச்சர் பொய் சொல்றாங்க" என்று கத்தினேன். கத்தியதோடு விடவில்லை. நிரூபிக்க வேண்டுமே, அங்கேயே நின்று முதல் அடியிலிருந்து பாடிக் காட்டினேன். டீச்சர் குறுக்கிடவில்லை. முழுதும் கேட்டார்.

பாடி முடித்ததும் ஹெட்மாஸ்டர்தான் முதலில் பேசினார். "புள்ளைங்க எதிர்லயே பொய் பேசறவங்கள எப்படிங்க வெச்சிக்கறது?" ஒத்திகை முழுக்க உட்கார்ந்து பார்த்த மனுஷன். அது என் குரல்தான் என்பது அவருக்குத் தெரியும், ஏன் அந்தப் பொய் வந்தது என்பதும் தெரியும். முதலாளி தலையாட்டினார். மழை, பாட்டு, ராசி எல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. பொய் பேசினார் என்பதே காரணமாக நின்றது. என்னை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளே அளத்தில் வரப்பு மேல் ஓடி விளையாடினேன், ஒருவரும் தடுக்கவில்லை. டீச்சருக்கு அதன்பின் எந்தப் பள்ளியிலும் வேலை அமையவில்லை. தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் காலம் தள்ளினாராம்.

அன்று திரும்பும் வழியில் அப்பா பஸ் ஸ்டாப் கடையில் வண்டியை நிறுத்தினார். நான் கேட்காமலேயே கோன் ஐஸ் வாங்கித் தந்தார். பொங்கலுக்குக்கூட வாங்கித் தராதவர். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் மேற்கே போகும் பஸ்ஸுக்காக டீச்சர் கூடையோடு நின்றிருந்தார். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, கடைசித் துளிவரைக்கும் நக்கித் தின்றேன்.