டேங்குக்கு இரண்டு மூடி

ஆலங்குடிப் பக்கத்து விவசாயிகளுக்கு உரமும் மருந்தும் சொல்லியே வேளாண்மைத் துறையில் என் உத்தியோக காலம் முடிந்தது. ஓய்வுக்குப் பின் எனக்கு மிஞ்சிய சாகுபடிப் பரப்பு, கூடத்தில் இருக்கும் நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் நாடா போல இலை நீளும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி வளர்த்தேன்.

தண்ணீருக்குள்ளும் பயிரின் பசி ஒன்றுதான். தழைச்சத்தையும் மணிச்சத்தையும் மீன் கழிவு பார்த்துக்கொள்ளும். சாம்பல் சத்தும் இரும்பும் நாம் கொடுக்க வேண்டும். வெளியே காற்றிலிருந்து பயிர் எடுத்துக்கொள்ளும் கார்பன் தொட்டிக்குள் போதாது. அதற்குத் திரவமாகப் பாட்டிலில் விற்கிறார்கள். அளவு மீறினால் மீனுக்கு மூச்சு முட்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு சிட்டிகை யூரியா போடச் சொல்வார்கள். அவர்களுக்கு மீன் குழம்பில்தான் அக்கறை என்று எடுத்துக்கொள்வேன்.

பயிர் என்னுடையது, மீன்கள் மனைவியுடையவை. அவற்றில் ஒரு குராமி அவள் விரலிலிருந்தே தீனி எடுக்கும். அதனோடு அவள் பேசும் மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

பேத்தியின் காதுகுத்துக்குத் திருச்சி போனபோது, ஆவுடையார்கோவில் பக்கம் விவசாயம் பார்க்கும் மனைவியின் தம்பியை வீட்டில் இருக்கச் சொன்னோம். கார்பன் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டினேன்: ‘தினமும் காலை, டேங்குக்கு இரண்டு மூடி.’ பழக்க தோஷத்தில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை, காது குத்துவதற்கு முன்பே போன் வந்தது.

“மச்சான், மருந்து ஊத்தி ஒரு மணி நேரம் ஆச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. வேலை செய்யுதுன்னு அர்த்தமா?”

எத்தனை மூடி என்று கேட்டேன். இருபது என்றான்.

“ரெண்டுன்னுல்ல எழுதியிருக்கேன்.”

“டேங்குக்கு ரெண்டு. டேங்கு பத்து லிட்டரு. ஒங்க தொட்டி நூறு லிட்டரு, அப்ப பத்து டேங்கு. நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதான மச்சான்?”

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத் தவிர வேறு எதையும் எங்கள் பக்கத்து வயல்களில் டேங்கு என்று சொல்வதில்லை. அந்தச் சூத்திரத்தை வரப்பு வரப்பாக நின்று ஓதியவன் நான். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லை என்று எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான்.

மனைவி போனை வாங்கினாள். “எம் மீனு இருக்கா?”

“இருக்குக்கா. சாஞ்சு நிக்குது.”

பாதித் தண்ணீரை வெளியேற்றி, டிரம்மில் பிடித்து வைத்த போர் தண்ணீரை உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னேன். கையோடு கொண்டுவந்திருக்கும் ஸ்பிரேயரில் பிடித்துப் பீச்சினால் சீக்கிரம் முடியுமே என்றான். அதில் கடைசியாக என்ன அடித்தான் என்று விசாரித்தேன். கடலைக்குப் பூச்சி மருந்தாம். அதை வாசலை விட்டு உள்ளே கொண்டுவர வேண்டாம் என்றேன். மத்தியானத்துக்குள் மூன்று முறை தண்ணீர் மாற்றிவிட்டான். சொன்னதை அப்படியே செய்கிற ஆள். அதுதான் காலையிலும் நடந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினோம். சின்ன மீன் நான்கு செத்திருந்தன. உரமாகட்டும் என்று தென்னைக்கு அடியில் புதைத்திருந்தான். வாலிஸ்நேரியா கூழாகக் கரைந்திருந்தது, வேர் மட்டும் உயிரோடு இருந்தது. குராமி நேராக நின்றது. அடுத்த நாள் காலையில் மனைவியின் விரல் தேடி மேலே வந்தது.

அதற்குத் தீனி கொடுத்துவிட்டு, என் சீட்டைக் கிழித்து அவளே வேறு எழுதி ஒட்டினாள்: ‘இந்தக் கண்ணாடித் தொட்டி முழுசுக்கும் சேர்த்து இரண்டே மூடி.’ கையெழுத்துக்கு இடம் விடவில்லை.