திராட்சைக் கடைப் பலகை

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுவரை தப்பில்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாத நான், கம்பம் சாலையோரத்தில் இருந்த எங்கள் திராட்சைக் கடைப் பலகையை நானேதான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். சபரிமலை போகிற சாமிமார் வண்டியை நிறுத்திப் படித்துச் சிரிப்பார்கள். என் மனைவி உள்ளிருந்து வந்து, "பழத்தவிட உங்க எழுத்துத்தேன் புளிக்குது" என்று முந்தானையால் துடைத்துத் திருத்துவாள். அந்தத் திட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறேன்.

காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகு திருத்த ஆளில்லை. பழம் மடிக்கிற பழைய பேப்பரைப் பார்த்துத் தினமும் கொஞ்சம் எழுதினேன். எழுதியதை வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்கிய இடத்தில் பேப்பரோடு ஒத்துப் பார்த்தேன். ஏழு கழுதை வயதில் படிப்பு மெதுவாகத்தான் ஏறியது. அடுத்த சபரிமலை சீசனில் பலகையில் ஒரு தப்புகூட இல்லை. யாரும் சிரிக்கவுமில்லை.

ஒரு மத்தியானம் அதை அழித்துவிட்டு, பழையபடி தப்பும் தவறுமாக எழுதி வைத்தேன். கடையின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு கொண்டுவந்த மகள் பலகையைப் படித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னத்தா, தப்பா இருக்கா?" என்றேன்.

"அம்மா வராதுப்பா, அழிச்சிருங்க."