இருபத்தேழாம் எண் கார்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வரும் தோலைச் சோதித்து பாஸ் போடுவது என் வேலை. வீட்டில் எனக்கு வேறு பைத்தியம். தொண்ணூறுகளில் ஜப்பானில் வந்த, வீடியோ கேம் படம் போட்ட அட்டைக் கார்டுகள், ஒரு செட்டுக்கு நாற்பத்திரண்டு. ஏழு வருடத்தில் நாற்பத்தொன்று சேர்த்துவிட்டேன். இருபத்தேழாம் எண் மட்டும் சிக்கவே இல்லை. ஒருமுறை இணையத்தில் வாங்கியது போலியாக வந்து, நன்றாக ஏமாந்தேன்.

அந்த இருபத்தேழு, ராணிப்பேட்டையிலிருந்து எங்களுக்குத் தோல் கொண்டுவரும் பாயிடம் இருந்தது. அவர் மகள் சிறுமியாக இருந்தபோது, தோல் ஆலைக்கு வந்த ஜப்பான்காரர் ஒருவர் கொடுத்ததாம். என் செல்போனில் கார்டுகளின் படங்களைப் பார்த்தவர், அடுத்த லோடு வரும்போது பீரோவிலிருந்து எடுத்து வந்துவிட்டார்.

“நிதானமா பாருங்க மேடம். சாயங்காலம் வர்றேன். உங்க செட்டுக்கு ஆவும்னா வச்சுக்கோங்க, பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். துட்டு பேச்சே எடுக்காதீங்க.”

சும்மா தருகிறேன் என்றதும்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. என் புத்தி அப்படி. கார்டின் முன்பக்கம் பளபளவென்று மின்னியது. பின்பக்கம் மட்டும், என் கைப்பையில் எப்போதும் இருக்கும் என் செட் கார்டு ஒன்றைவிட வெளுப்பாகத் தெரிந்தது. அது போதும் எனக்கு.

போலி என்றால் அட்டையின் கனம் மாறும் என்று, மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தோலின் கனம் பார்க்கும் கேஜை எடுத்தேன். அதன் வட்டக் கால் மேலிருந்து அழுத்திப் பிடிக்கும், முள் அளவு காட்டும். முதலில் என் கார்டை வைத்தேன். அது மின்னாத சாதாரண கார்டு, ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவருடையதை வைத்தேன். முள் அதே இடத்தில் நின்றது. அசல்! எடுத்துப் பார்த்தால், மின்னும் பக்கத்தின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம்.

தோலாக இருந்தால் கட்டை விரலால் தேய்த்துவிட்டால் போய்விடும். பழக்கதோஷத்தில் இதையும் தேய்த்தேன். பள்ளம் போகவில்லை, நகம் பட்டு ஒரு கீறல்தான் கூடுதலாக விழுந்தது.

ஐந்து மணிவரை ஒரு தோலையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ‘முன்னாடியே இருந்தது என்று சொல்லிவிடு, பழைய கார்டு, யார் கேட்கப்போகிறார்கள்?’ என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

“இன்னா மேடம், ஒரிஜினல்தானே?” சிரித்துக்கொண்டே வந்தார்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். உங்களுக்குப் போயி டூப்ளிகேட் குடுப்பேனா?”

“தப்புதான் பாய். மன்னிச்சிடுங்க. இத நீங்களே எடுத்துட்டு போய்டுங்க.”

“குடுத்தது குடுத்ததுதான்.”

டீ சொல்கிறேன் என்றேன். வண்டி நிற்கிறது என்று போய்விட்டார்.

இப்போது செட் முழுசாக இருக்கிறது. அவரும் மாதாமாதம் தோல் கொண்டுவருகிறார். முன்பெல்லாம் கனம் என்னவென்று வாயால் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். இப்போது ஒவ்வொரு கட்டின் மேலும் கேஜ் அளவு எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. நான் கேட்கவே இல்லை. “செக் பண்ணிக்கோங்க மேடம்” என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.