கோட்டான் வீட்டு வாத்தியார்

கோட்டான் என்கிற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, ரொட்டிக்கடைக் கல்லாவில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில். கடைக்குள் நுழைந்தவள், மாவு மூட்டைகளுக்கு நடுவே தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒருவன் நிற்பதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினாள்.

"பயப்படாதம்மா, நம்ம கோட்டான்தான். ராத்திரி அடுப்பு அவனுது," என்றார் முதலாளி.

ராத்திரியெல்லாம் மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, விடிந்ததும் சூடான தட்டுகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போகிறவன். தட்டு கைமாறுகிற நேரத்துப் பேச்சிலேயே இருவருக்கும் பிடித்துப்போய், அது கல்யாணத்தில் வந்து நின்றது. அவன் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார்.

வாத்தியார் என்பது நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். பகலில் தூங்குகிற மனுஷனுக்கு ஊர்ச் சத்தமெல்லாம் எதிரி. அதனால் குட்டியிலிருந்தே கோட்டான் அதற்கு ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்: நான் தூங்கும்போது வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. வாத்தியார் குரைக்க மாட்டார், அதுவும் சத்தம்தானே. சத்தம் போட்டவரின் துணி ஓரத்தை, உடம்பில் பல் படாமல் கவ்வி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுவார். பிறகு உள்ளே வந்து குறுக்கே படுத்துக்கொள்வார். தபால்காரர் அந்த வீட்டுக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்.

கல்லா வேலையை மாலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு குடித்தனத்துக்கு வந்தாள் புதுப்பெண். வந்த ஜோரில் கைதவறி ஒரு மூடி விழுந்தது. முந்தானை வாத்தியார் வாயில். கரண்டியும் கையுமாகத் தெருவில் நின்றவளை எதிர்வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்து ஒரு வாரங்கூட ஆகல, அதுக்குள்ள துரத்திட்டானா?"

"அவரு தூங்குறாருக்கா. நாய்தான் கொண்டாந்து விட்டுச்சு."

"நாய் கூப்பிட்டா நீ வந்துருவியா?"

"முந்தானை அதுகிட்டல்ல இருந்துச்சு."

அதன்பிறகு குக்கரை எதிர்வீட்டில் வைத்து விசில் விட்டு எடுத்துவரப் பழகிக்கொண்டாள்.

அடுத்து, தனியாக இருந்த அவளுடைய அப்பா இங்கேயே வந்து சேர்ந்தார். தறி ஆலையில் ஆயுசைக் கழித்தவர். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி உரம் ஏறிய தொண்டை. உப்பு வேண்டுமென்று கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள். வாத்தியாருக்கு ஓய்வில்லாமல் போயிற்று. கேட்டுக்கும் கூடத்துக்குமாக இழுபட்டு அலுத்துப்போன பெரியவர், கடைசியில் வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, மாப்ள வீட்டுல எனக்கு மரியாதை கிடக்கட்டும், கூரையாச்சும் வேணாமா?" என்று அங்கிருந்தே கேட்பார். எதிர்வீட்டுக்காரி பதில் சொல்வாள்.

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வயிற்றில் பிள்ளை வளர வளரச் சிரிப்பு குறைந்தது. அப்பாவுக்கு வாயை மூடத் தெரியும், மூடுவதில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு மூடவே தெரியாதே. வாத்தியார் தொட்டில் துணியைக் கவ்வி இழுத்தால் என்ன ஆவது?

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் கோட்டானிடம். "பிள்ளைத் துணியில வாய் பட்டுச்சுன்னா அன்னிக்கே வாத்தியார் கடைக் குடோனுக்குப் போயிரணும். அங்க எலி பிடிக்கட்டும்."

அவன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நீ வர்றதுக்கு முன்னாடி எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்."

"அதனாலதான் அன்னிக்கேன்னு சொல்றேன். இல்லன்னா இன்னிக்கேன்னு சொல்லியிருப்பேன்."

"சரி," என்றான். தட்டிலிருந்த சோற்றில் பாதியை வாத்தியாருக்கு வைத்தான். அவள் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தது. முதல் நாள் தூங்கியே கழித்தது. மறுநாள், கோட்டான் படுத்துக் கண் அசந்த நேரமாகப் பார்த்து வாயைத் திறந்தது. தாத்தாவின் தொண்டை அப்படியே இறங்கியிருந்தது. அவள் அடுப்படியிலிருந்து விளக்குமாற்றோடு ஓடிவந்தபோது வாத்தியார் அவளுக்கு முந்தித் தொட்டிலடியில் நின்றார். துணியின் ஓரம் அவர் மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் வாயைத் திறந்தார். அவள் விளக்குமாற்றை ஓங்கினாள்.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். தொட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் படுக்கையறைக்குள் போனார்.

சற்று நேரத்தில் கோட்டான் வந்தான். கண் திறக்கவில்லை. லுங்கியின் ஒரு நுனி அவன் கையில், மறுநுனி வாத்தியார் வாயில். கூடத்தைத் தாண்டி, படியிறங்கி, கேட்டுக்கு வெளியே போய்ச் சேர்ந்தான். வாத்தியார் அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்து தொட்டிலடியில் படுத்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள," என்றார் மாமனார் நாற்காலியில் நகர்ந்து. "நிழல் இந்தப் பக்கம்."

"மாமா, நான் ஒரு சத்தமும் போடலையே."

"போடலதான். சத்தத்த வெளிய அனுப்ப முடியாதுன்னா தூங்குறவன அனுப்பிருன்னு முடிவு பண்ணிருச்சு. புத்தியுள்ள நாய்தான் மாப்ள. இத்தனை நாள் எனக்குத் தெரியல."

உள்ளே அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி சிரித்தாள். பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போதே சிரிக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. துணியில் வாய் படவில்லை. குடோன் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

கோட்டானுக்குத்தான் கெட்ட காலம் தொடங்கியது. பிள்ளை அழுதால் அவன் வெளியே. பிள்ளை தூங்கும்போது அவன் குறட்டை விட்டாலும் வெளியே. பேத்தியைத் தூக்கும் ஆசையில் மாமனார்கூடக் கிசுகிசுக்கப் பழகி உள்ளே குடியேறிவிட்டார்.

"நான் வளர்த்த நாய்," என்று மனைவியிடம் முறையிட்டான்.

"நீங்க சொல்லிக்குடுத்த பாடந்தான," என்றாள்.

தூக்கம் கெட்டு, அடுப்பு முன்னால் சாமியாடி, ஒரு ஈடு ரொட்டி கரியான பிறகு முதலாளியிடம் போய்ப் பகல் வேலை கேட்டான்.

"கோட்டானுக்குப் பகல்ல கண்ணு தெரியுமாடா?"

"பழகிக்கிறேன் முதலாளி."

இப்போது அவன் அதே கடையில் பகல் அடுப்பைப் பார்க்கிறான். இரண்டாவது பிள்ளையும் பிறந்து, படுக்கையறை பிள்ளைகளுக்கும் வாத்தியாருக்கும் ஆகிவிட்டதால், இரவில் கூடத்தில் மாமனாருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறான்.