கடல் உள்வாங்கிய சனிக்கிழமை

இங்கிலாந்தில் படித்தபோது, சனிக்கிழமையானால் தக்கலைத் தோழி ஷீபாவும் நானும் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பிவிடுவோம். அப்படி ஒருமுறை கடற்கரைக்குப் போனோம். மணலில் கண்ணயர்ந்து எழுந்தால், கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது.

நான் குளச்சல்காரி, சுனாமியைக் கண்ணால் பார்த்தவள். "ஏட்டி, ஓடு!" என்று கத்தியபடி ஷீபாவை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். எதிரே நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணியையும் விடவில்லை. பாவம், அவரும் கூடவே ஓடிவந்தார். மேலே ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான், இங்கே தினமும் கடல் இப்படித்தான் போகும், சாயங்காலம் திரும்பிவிடும் என்று சொன்னார்.

"அது திரும்புறதுக்குள்ள எனக்க செருப்ப எடுத்திட்டு வா மக்கா" என்றாள் ஷீபா.

இப்போதெல்லாம் எந்தக் கடற்கரைக்குப் போனாலும், தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்கிறேன். ஆனாலும் விரிப்பை மேட்டுப்பக்கமாகத்தான் விரிக்கிறேன்.